தூக்கிய கையை யாரும் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபீஸ் கூட்டங்கள் எல்லாம் வீடியோவுக்கு மாறிவிட்டதால் நேரமும் பெட்ரோலும் மிச்சம் என்று உங்கள் பத்திரிகையில் சில நாட்களுக்கு முன் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு மணி நேரக் கூட்டத்துக்காகக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கடலூர் வந்து, சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்பிப் போனவர்களை எனக்கே தெரியும். ஆனால் அந்தக் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள், யார் வாயைத் திறக்காமலே எழுந்து போகிறார்கள் என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்று பட்டது. அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மைக் செட்காரன். திருப்பாதிரிப்புலியூரில் கடை. 1991-ல் ஓர் அண்ணனிடம் ஒயர் சுருட்டும் பையனாகச் சேர்ந்தேன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாம் கட்டியிருக்கிறேன். இப்போது பதினைந்து வருஷமாகச் சோறு போடுவது ஆபீஸ் கூட்டங்களும் கம்பெனிக் கூட்டங்களும்தான். மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்துப் பாண்டி வரைக்கும் போகிறேன். ஹாலின் மூலையில் ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்தவர்கள் எல்லாரும் மேடையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் வந்தவர்களைப் பார்ப்பேன், யார் எப்போது மைக்கை எடுப்பார் என்று தெரிய வேண்டுமே. முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படிப் பார்த்ததில், பேச வந்து பேசாமல் போன முகங்கள் எனக்கு நிறையவே தெரியும்.

முதலில் பழைய காலத்து ஹாலைச் சொல்கிறேன். அப்போது கூட்டத்துக்கு இரண்டே மைக். ஒன்று மேடையில், வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலிக்கு முன்னால். இன்னொன்று கீழே கைமாற. அதற்கு என்னிடம் இருந்த ஒயர் 15 மீட்டர். ஆம்ப்ளிஃபையர் மேடைக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்த ஒயர் ஏழாவது வரிசை வரைக்கும் வரும். அதற்குப் பின்னால் இருப்பவர் பேச வேண்டுமென்றால் எழுந்து முன்னால் நடந்து வர வேண்டும். முன்வரிசையில் அதிகாரிகள், நடுவில் ஹெட்கிளார்க்குகளும் சூப்பர்வைசர்களும், கடைசியில் டிரைவர்கள், பியூன்கள், வாட்ச்மேன்கள், களத்தில் வேலை பார்ப்பவர்கள். ஏழாவது வரிசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, எல்லார் கண்ணும் தன் மேல் இருக்க, செருப்புச் சத்தம் கேட்க முன்னால் வந்து பெரிய அதிகாரியைப் பார்த்துப் பேசுவது எத்தனை பேரால் முடியும்? என் கணக்கில் வருஷத்துக்கு இரண்டு பேர் வந்திருப்பார்கள். 30 மீட்டர் ஒயர் ஒன்று வாங்க எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை. ஒயர் நீளத்துக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்று யோசித்ததில்லை.

மைக் இல்லாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாமே என்று கேட்பார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மூடிய ஹாலில் எதிரொலியால் அந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும், ஆனால் மின்விசிறிச் சத்தம் அதற்குமேல் சேர்ந்துகொள்ளும். கடைசி பெஞ்சிலிருந்து சாதாரணக் குரலில் ஒருவர் பேசினால் மேடைக்குப் போவது வெறும் முனகல்தான். "என்னப்பா, சத்தமாச் சொல்லு" என்று மேடையிலிருந்து ஒரு அதட்டல் வரும். இரண்டாவது தடவை சொல்லும்போது பாதி விஷயம் போய்விடும். மூன்றாவது தடவை "ஒண்ணுமில்லீங்க சார்" என்று உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம் கான்ஃபரன்ஸ் மைக் வந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் வாத்துக் கழுத்து மாதிரி வளைகிற மைக். பட்டனை அழுத்தினால் கழுத்தில் சிவப்பு வளையம் எரியும். முதன்முதலில் அதைக் கட்டியபோது இனி எல்லாரும் சமம் என்று மனதார நம்பினேன். ஆனால் தலைவருக்கு வைக்கிற மைக்கில் கூடுதலாக ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் மற்ற எல்லா மைக்கும் ஒரேயடியாக அணைந்துவிடும். ஒரே நேரத்தில் எத்தனை மைக் எரியலாம் என்பதையும் நாங்கள் செட் பண்ணி வைக்கலாம், ஒன்று, இரண்டு, நாலு என்று. "ஒண்ணுல வைப்பா, கூச்சல் இருக்காது" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது அவர் முன்னால் எரிந்த சிவப்பு வளையம் அணைவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பட்டனை மறுபடி அழுத்திப் பார்ப்பார். எரியாது. சுற்றிப் பார்ப்பார். யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். பேனாவை எடுத்து ஏதோ எழுதுவது போல நோட்டில் குனிந்துகொள்வார். அன்றைக்கு முழுக்க அந்தப் பட்டன் பக்கம் அவர் கை போகாது.

2020-ல் கொரோனா வந்தது. என் கடை நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. ஜூம் கூட்டங்களில் தினமும் கலந்துகொண்டவர்கள் 2019 டிசம்பரில் ஒரு கோடி. 2020 ஏப்ரலில் முப்பது கோடி. உலகத்துக் கூட்டமெல்லாம் நாலு மாதத்தில் லேப்டாப்புக்குள் போய்விட்டது. நானும் கற்றுக்கொண்டேன். ஹாலில் பத்துப் பேர், வெளியூர்க் கிளைகளில் நாற்பது பேர் என்று கலந்து நடக்கிற கூட்டங்களுக்கு இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அதில் முதலில் கவனித்தது ஹாலுக்கும் திரைக்கும் இருக்கிற வித்தியாசம். மைக்கை மேனேஜர் மேஜை மேல்தான் வைக்கச் சொல்வார்கள். அவர் இருமினால்கூட சிதம்பரம் கிளையில் கேட்கும். மேஜையின் அந்தக் கோடியில் இருப்பவர் சொல்வது கிளைக்காரர்களுக்குப் பாதி கேட்காது. கேட்கவில்லை என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. சொல்ல வேண்டுமென்றால் முதலில் மியூட்டை எடுக்க வேண்டும், எடுப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

இந்த "எடுப்பதற்குள்" என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று பத்து மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கண் இமைக்கிற நேரம். போன் பேச்சில் குரல் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. கிராமத்தில் ஒற்றைக் கம்பி சிக்னலில் இருப்பவருக்கு இதைவிட ரொம்ப அதிகமாகும். மேலதிகாரி மூச்சு விட நிறுத்துகிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் கீழே இருப்பவர் "சார், ஒரு நிமிஷம்" என்று நுழைவார். நேரில் என்றால் அவர் உடம்பு முன்னால் சாய்வதைப் பார்த்து அதிகாரியே நிறுத்துவார். வீடியோவில் அந்த "சார்" போய்ச் சேரும்போது அதிகாரி அடுத்த வாக்கியத்தில் இருப்பார். இரண்டு குரலும் மோதும். விட்டுக்கொடுப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தடவை இப்படி மோதினால் மூன்றாவது தடவை அவர் முயற்சி பண்ண மாட்டார்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் வந்துகொண்டிருந்தது. பாண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் மழை முன்னேற்பாட்டுக் கூட்டம். பெயர் வேண்டாம். ஹாலில் பன்னிரண்டு பேர், திரையில் நாற்பத்தாறு பேர். கடலூர்ப் பக்கம் தென்பெண்ணை ஆற்றோரம் அவர்களுக்கு ஒரு குடோன் உண்டு. அங்கே இன்சார்ஜ் லீவில் இருந்ததால் பம்ப் ஆபரேட்டரை உட்காரச் சொல்லியிருந்தார்கள். "நீ கேட்டுக்கிட்டு வந்து சொன்னாப் போதும்" என்று சொல்லி அனுப்பியது அவரே பின்னால் எனக்குச் சொன்னது. ஆயுத பூஜைக்கு அந்தக் குடோனில் பாட்டுக்கு பாக்ஸ் கட்டப் போனதிலிருந்து எனக்கு அவரைப் பழக்கம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன்.

கூட்டத்தை நடத்தியது ஹாலில் இருந்த ஒரு மேடம். எல்லார் மைக்கையும் ஒரேயடியாக மூடுகிற 'மியூட் ஆல்' போட்டுவிட்டார். அதைப் போடும்போது, ஆட்கள் தாங்களாக மியூட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். டிக்கை எடுத்துவிட்டால் யாரும் தானாக வாய் திறக்க முடியாது. அன்றைக்கு எடுத்திருந்தது. சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க எனக்குக் கோ-ஹோஸ்ட், அதாவது கூட்டம் நடத்துகிறவருக்குத் துணை அதிகாரம், கொடுத்திருந்தார்கள். ஆகவே ஆட்களின் பட்டியல் என் லேப்டாப்பில் முழுசாகத் தெரியும். ஹாலில் பெரிய திரையில் ஸ்லைடு போட்டிருந்ததால், ஆட்களின் முகம் ஓரத்தில் நாலைந்து கட்டமாகச் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் பெயர் பதவியோடு இருந்தது. அண்ணன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரெட்மி 9' என்று அவர் போனின் மாடல் பெயர் இருந்தது.

அந்தக் குடோனின் ஸ்லைடு வந்தது. வடிகால் ஷட்டருக்கு நேராகப் பச்சை டிக். மழைத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் போவதற்கு ஒரு குழாய் உண்டு, ஆறு பெருகினால் தண்ணீர் அதே வழியில் உள்ளே ஏறாமல் இருக்க அந்த ஷட்டரை இறக்கிவிடுவார்கள். பச்சை டிக் வந்த அதே நேரம் 'ரெட்மி 9' பக்கத்தில், பேச வேண்டும் என்று காட்டுகிற மஞ்சள் கை எழுந்தது.

ஹாலில் யாருக்கும் அது தெரியவில்லை. பட்டியலைத் திறந்து வைத்திருந்தது நானும் அந்த மேடமும்தான், அவர் ஸ்லைடு மாற்றுவதில் இருந்தார். பெரிய சார் பேசிக்கொண்டே இருந்தார். கை இறங்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து சாட்டில் ஒரு வரி வந்தது: "சார் செட்டர் எறங்கல". அதே நேரம் பெரிய சார், எல்லாரும் 24 மணி நேரமும் போனை ஆன் பண்ணி வைக்க வேண்டும் என்று சொல்லி முடித்தார். உடனே "ஓகே சார்", "நோட்டட் சார்", "ஷ்யூர் சார்" என்று முப்பது வரி மளமளவென்று விழுந்தது. அண்ணனின் வரி மேலே போய் மறைந்துவிட்டது.

பதினெட்டு நிமிடம் அந்தக் கை அப்படியே இருந்தது. கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்? நோ? ஓகே, தேங்க் யூ" என்றார்கள். எல்லாக் கையையும் ஒரே தட்டில் இறக்குகிற பட்டன் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினார்கள். கூட்டம் முடிந்தது.

நான் பார்த்தேன். அவரைப் பேசச் சொல்லி அழைக்க என் லேப்டாப்பில் இரண்டு கிளிக் போதும். செய்யவில்லை. மைக் செட்காரன் கூட்டத்துக்கு நடுவில் வாய் திறக்கக் கூடாது என்பது முப்பது வருஷப் பழக்கம். சார் பேசும்போது குறுக்கே போனால் அடுத்த கூட்டத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் ஒரே காரணம் அந்தப் பயம்தான்.

மறுநாள் சனிக்கிழமை ராத்திரி புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு போகவில்லை. திங்கட்கிழமை அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் இருக்கிறவர்களுக்கு அந்த இரண்டு நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. கீழே ஒரு செங்கல் உயரம் இடைவெளி. ஆறு அந்தக் குழாய் வழியாகவே உள்ளே வந்தது. அந்த வெள்ளத்தில் ஷட்டர் மூடியிருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பொருளை மேலே ஏற்ற இரண்டு நாள் கிடைத்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து நனைந்த ஆம்ப்ளிஃபையரைப் பார்க்க வேண்டும் என்று குடோனுக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் இடுப்பளவில் சேற்றுக் கோடு. அரிசி மூட்டைகள் புளித்து வாசலிலேயே மூக்கைப் பொத்த வைத்தன. அண்ணன் பம்ப் ரூம் வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"கை தூக்கினேனே தம்பி, நீ பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே" என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. துணியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு மெமோ வந்தது. ஷட்டர் பழுதை ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று. கூட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தார்களாம். பதிவில் ஸ்லைடும் பெரிய சாரின் குரலும்தான் இருந்தது. சாட்டை யாரும் சேமித்து வைக்கவில்லை. இரண்டு நாள் தூக்கம் வராமல் இருந்துவிட்டு, நான் போய் மேனேஜரிடம் பார்த்ததைச் சொன்னேன். கை எத்தனை நிமிடம் இருந்தது, சாட்டில் என்ன வந்தது, எல்லாம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த மனிதர் நல்லவர், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மியூட் ஆல் போடும்போது அந்த டிக்கை எடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

இது நம் ஊர் ஆட்களின் குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மகன் இன்ஜினியரிங் படித்தவன். நான் மனசு சரியில்லாமல் இருந்தபோது அவன் இரண்டு பழைய விபத்துகளைப் பற்றிச் சொன்னான். இரண்டிலும் மைக் இருக்கிறது.

ஒன்று 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு விமான நிலையம். மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள், ஒன்றுக்கொன்று தெரியவில்லை. "நில்லுங்கள், கூப்பிடுகிறேன்" என்று டவர் சொல்கிறது. "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானம் சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் போனதால், கிளம்புவதற்காக ஓடத் தொடங்கியிருந்த இன்னொரு விமானமான கேஎல்எம்முக்குள் கேட்டது கீச்சென்ற சத்தம்தான். விமான ரேடியோவில் இரண்டு பேர் ஒன்றாகப் பட்டனை அழுத்தினால் அப்படித்தான் வரும். நம் தேவனாம்பட்டினம் படகுகளில் இருக்கிற விஎச்எஃப் செட் வேறு மாதிரி. அதில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் பெரும்பாலும் வலுவான செட்டின் குரல் மட்டும் கேட்கும், மற்றது அமுங்கிவிடும். டெனரீஃபில் அந்தக் கீச்சுக்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. கேஎல்எம் ஃபிளைட் இன்ஜினியர், அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். அந்த நிறுவனத்தில் ஜம்போ ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவரே அன்றைக்குக் கேப்டன். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். இன்ஜினியர் மேலே கேட்கவில்லை. இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் விமானக் கம்பெனிகள், இளையவர் திரும்பத் திரும்பச் சொல்லவும் கேப்டன் காது கொடுக்கவும் தனிப் பயிற்சியே வைத்தன.

இன்னொன்று சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்கலம். 1986 ஜனவரி 27 ராத்திரி, மறுநாள் விண்கலத்தை ஏவலாமா என்று ஒரு டெலிகான்ஃபரன்ஸ். யூட்டா, அலபாமா, ஃபுளோரிடா என்று மூன்று இடங்களில் ஆட்கள், போன் வழியாக. ராக்கெட்டைச் செய்த யூட்டா கம்பெனியின் இன்ஜினியர்கள், குளிரில் ராக்கெட் இணைப்பில் இருக்கிற ரப்பர் வளையம் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா பக்கம் அதிருப்தி. ஐந்து நிமிடம் நாங்கள் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம் என்று அந்தக் கம்பெனி லைனை மியூட்டில் போட்டது. ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியில் ரோஜர் போய்ஜொலி, ஆர்னி தாம்சன் என்ற இரண்டு இன்ஜினியர்கள் எழுந்து போய்ப் படம் வரைந்தும் போட்டோவைக் காட்டியும் மன்றாடினார்கள். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை என்றதும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஜினியரிங் பிரிவின் தலைவரைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார் மேலதிகாரி. மேனேஜர்கள் நாலு பேர் மட்டும் முடிவெடுத்தார்கள். மியூட்டை எடுத்தார்கள். ஏவலாம் என்றார்கள். வேறு யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று எதிர்முனையிலிருந்து கேட்டார்கள். யாரும் பேசவில்லை. மறுநாள் காலை, கிளம்பிய 73-வது விநாடியில் விண்கலம் வெடித்துச் சிதறியது. ஏழு பேர் போனார்கள்.

மகன் சொல்லி முடித்ததும் அந்த மௌனத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபுளோரிடாவில் இருந்தவர்களுக்கு அது சம்மதமாகக் கேட்டிருக்கும். மைக் மூடியிருந்த அரை மணியில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் இத்தனை வருஷம் "எனி கொஸ்டின்ஸ்?" என்ற கேள்விக்கு வருகிற மௌனத்தைச் சரி, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. என் மருமகள் பாண்டியிலிருந்தபடியே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். "நேர்ல கூப்பிட்டு உட்கார வெச்சா நான் வாயே திறக்க மாட்டேன் மாமா, சாட்ல டைப் பண்ணிடுவேன்" என்கிறாள். அவர்கள் டீமில் மேனேஜர் கூட்டத்துக்கு முதல் நாளே கேள்விகளை எழுத்தில் வாங்கிவிடுகிறாராம், பெயர் போடாமலும் எழுதலாமாம். இரண்டு வருஷமாக யாரும் பேசாத ஷிஃப்ட் பிரச்சினை அப்படித்தான் வெளியே வந்தது என்றாள். அதே சாட்தான், அதே மாதிரி ஆப்தான். நடத்துகிறவர் வேறு.

இன்னொரு சங்கடம் பாஷை. பாண்டிக் கூட்டம் முழுக்க இங்கிலீஷில் நடந்தது. அறையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் தமிழ்தான் தாய்மொழி. அண்ணனுக்கு அந்தப் பேச்சு புரிந்தது, பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. சாட்டில் அந்த மூன்று வார்த்தையை அடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். முதலில் இங்கிலீஷில் அடித்து அடித்து அழித்தாராம். வாட்ஸ்அப் குரூப்பிலாவது சொல்லியிருக்கலாமே என்று பின்னால் ஒருவர் கேட்டார். அந்தக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். 2018-ல் வந்த அந்த வசதி, குட் மார்னிங் படங்களை நிறுத்த நல்ல வசதிதான். ஷட்டர் இறங்கவில்லை என்று சொல்ல வருகிறவரையும் சேர்த்து நிறுத்திவிட்டது.

கூட்டம் நடத்துகிற பெரியவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பதவியில் கடைசியில் இருப்பவரை முதலில் பேச விடுங்கள். என் மச்சான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவக் கோர்ட்டில் உறுப்பினர்கள் கருத்துச் சொல்லும்போது ரேங்கில் இளையவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது விதி என்கிறார். பெரியவர் சொல்லிவிட்டால் சின்னவரால் மாற்றிச் சொல்ல முடியாது என்று அவர்களே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ராணுவத்தில் முடிகிறது என்றால் குடோனில் முடியாதா? பெரிய சார் பேசி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்டால் "நோட்டட் சார்" மட்டும்தான் கிடைக்கும். பேசுவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். வீடியோவில் அந்த டிக்கை எடுக்காதீர்கள். கூச்சலாக இருந்தால், கையையும் சாட்டையும் பார்ப்பதற்கென்று ஒரு ஆளை வையுங்கள். ஆள் இல்லையென்றால் மூலையில் உட்கார்ந்திருக்கிற மைக் செட்காரனிடம் சொல்லுங்கள். "கை தூக்கினாங்கன்னா குறுக்கே சொல்லுப்பா" என்று ஒரு வார்த்தை போதும், தைரியம் வந்துவிடும்.

நான் யாரும் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன். ஹாலில் கட்டும்போது கார்ட்லெஸ் மைக்கைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். முன்னால் கேட்டால் "பின்னாலேர்ந்து வரும் சார்" என்கிறேன். ஒரு கூட்டத்தில் ஒரு டிரைவர் அதை எடுத்து வண்டி டயரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். ஆன்லைனில் மஞ்சள் கை தெரிந்தால் "சார், ஒருத்தர் கை தூக்கியிருக்காங்க" என்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கியது. ஒரு இடத்தில் முகம் சுளித்தார்கள். அங்கிருந்து அடுத்த மாதம் அழைப்பு வரவில்லை. பரவாயில்லை.

போன வாரம் குடோன் பக்கம் போனபோது அண்ணனை டீக்கடையில் உட்கார வைத்து, அவர் போனில் 'ரெட்மி 9' என்று வருவதை மாற்றக் காட்டிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தமிழில் அடித்தார். பத்து நிமிடம் ஆனது. முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "வேலையையும் போடலாமா தம்பி?" என்றார். போடுங்க அண்ணே என்றேன். பெயருக்குப் பக்கத்தில் 'பம்ப் ஆபரேட்டர்' என்று அடித்துச் சேமித்துக்கொண்டார்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கம்பெனிக்கு இன்னும் நான்தான் மைக் கட்டுகிறேன், அண்ணனும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.